மஞ்சள் குறைத்த படம்

முகங்களில் மஞ்சளைக் குறைப்பதுதான் அவள் வேலை.

மண்டபங்களில் எடுத்த படங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துசேரும்போது அலங்கார விளக்கின் மஞ்சள் எல்லார் மேலும் அப்பியிருக்கும். அவள் முதலில் படத்துக்குள் வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று தேடுவாள். சட்டைக் காலர், காகிதக் கோப்பை, சுவர். பல்லை மட்டும் நம்ப மாட்டாள். கிடைத்த வெள்ளையின் மேல் மவுஸை வைத்து ஒரு தட்டு. படம் முழுக்க ஒருமுறை அசைந்து, நிறங்கள் தத்தம் இடத்தில் போய் உட்காரும். மிச்சத்தைக் கையால் சரிசெய்வாள். பரு, கண்ணுக்குக் கீழே கருப்பு, மூக்கு நுனியின் எண்ணெய்ப் பளபளப்பு. ஸ்டுடியோவில் அவள் டச்சிங் அக்கா. அவளைவிட வயதில் மூத்த ஸ்டுடியோக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் உட்காரும் அறை கடையின் பின்புறம். ஒரே ஒரு ஜன்னல். திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று அதற்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். ஏசிக் காற்று நேராக முகத்துக்கு வரும். அது கம்ப்யூட்டருக்காகப் போட்டது என்பதால் திருப்பி வைக்கவும் முடியாது. காலையில் உள்ளே போய் மத்தியானம் சாப்பிட வெளியே வந்தால் தெரு வெள்ளை வெளேரென்று அடிக்கும். கொஞ்ச நேரம் படியிலேயே நின்றுவிட்டுத்தான் இறங்குவாள்.

கண் கரிக்க ஆரம்பித்தபோது தூசி என்றுதான் நினைத்தாள். பிறகு சாயங்காலம் ஆக ஆக எழுத்துக்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்தன. இமை உள்பக்கம் காய்ந்து, திறக்கும்போது எதிலோ ஒட்டிக்கொண்டு பிரிவது போலிருந்தது. வீட்டுக்கு வந்தாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவப் போவாள், பாதியில் விட்டுவிட்டு முகம் கழுவுவாள். திரும்பி வந்து போனை எடுப்பாள். ஆல்பத்துக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பிய படங்களுக்கு ஆட்கள் போனில்தான் பதில் போடுவார்கள். அதற்கு நேரம் காலம் கிடையாது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர்தான் இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனார். பவர் ஒன்றும் கூடவில்லை என்றார் டாக்டர். திரையைப் பார்க்கும்போது அவள் இமைக்க மறந்துவிடுகிறாள், அதுதான் கோளாறு. சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். அடிக்கடி தூரத்தில் இருப்பதைப் பார்க்கச் சொன்னார். போனில் வெளிச்சத்தை மஞ்சளாக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் கொஞ்சம் இதமாக இருக்கும் என்றார்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தார்.

"இமைக்கவா மறந்துட்டே? மூச்சு விட மறக்கலியே, அதுவரைக்கும் சந்தோஷம்."

அவள் அறையில் தூரத்தில் இருப்பது எதிர்ச் சுவர்தான். அதில் மாதிரிக்கு ஒட்டிய முகங்கள் வரிசையாக இருந்தன. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று அதைப் பார்த்தால், மூன்றாவது ஆளுக்குக் கன்னத்தில் சிவப்பு அதிகம் என்று மனது கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மஞ்சள் வெளிச்சத்தைக் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாமா என்று ஸ்டுடியோக்காரரைக் கேட்டுப்பார்த்தாள். அவர் பதறிவிட்டார்.

"இதுல மட்டும் போட்டுடாதீங்க டச்சிங் அக்கா. அப்புறம் பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் குளிர்ல வெறைச்ச மாதிரி நீலமா வருவாங்க. எனக்கு இருக்கறதே இந்தப் பேரு ஒண்ணுதான்."

போனில் மட்டும் போட்டுக்கொண்டாள். முதல் நாள் எல்லாம் டீ கொட்டின துணி மாதிரி இருந்தது. பிறகு அதுவே வெள்ளையாகிவிட்டது. கண் எதற்கும் பழகிக்கொள்கிறது. போட்டிருக்கிறோம் என்பதே சில நேரம் மறந்துபோகும்.

தம்பி வேறு ஊரில் ஒரு பார்சல் கிடங்கில் இருந்தான். பெட்டிகளின் மேல் ஒட்டிய பார்கோடுகளைக் கைக்கருவியால் சுட்டுத் தள்ளும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கூப்பிடுவான். அந்த நேரத்துக்கு அவளும் அம்மாவும் சமையலறையில் இருப்பார்கள். போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் காய் நறுக்குவாள். பேசுவதெல்லாம் அம்மாதான்.

சில நாட்களாக அவன் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். எண்ணெய் வாடை வந்தாலே குமட்டுகிறது, கால் விட்டுப்போகிறது, வந்ததும் படுக்கத்தான் தோன்றுகிறது. கண்ட இடத்தில் சாப்பிட்டால் அப்படித்தான் என்றாள் அம்மா. நின்றுகொண்டே வேலை பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றாள் இவள். ஒருநாள் அம்மா போனைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள்.

"ஏன்டி, இவன் என்ன மஞ்சளாத் தெரியறான்?"

"என் போன்ல மஞ்ச வெளிச்சம் போட்டிருக்கும்மா. கண்ணு எரியுதுன்னு."

"அதுக்கு இப்படியா?"

"நீயும்தான் அதுல மஞ்சளாத் தெரிவே. இப்பப் பாரு."

கை துடைத்துவிட்டு, மூலையில் தெரியும் சின்னக் கட்டத்தை அம்மாவுக்குக் காட்டினாள். அதில் அம்மாவும் மஞ்சளாகத்தான் இருந்தாள். பின்னால் இருந்த சுவரும் மஞ்சள். அம்மா தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தக் கண்றாவியை எதற்குப் போட்டுக்கொள்கிறாய் என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான்.

ஆனாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. நல்ல படமாக ஒன்று அனுப்பச் சொல் என்று நச்சரித்தாள். அவன் மொட்டை மாடியில் அறை நண்பர்களோடு நிற்கும் படம் ஒன்றை அனுப்பினான். வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸில் நின்றபடி அவள் அதைத் திறந்தாள். தம்பி நடுவில் இருந்தான். இரண்டு பக்கத்து ஆட்களையும் வெட்டி எடுத்தாள். அப்போதும் மஞ்சள் தெரிந்தது. போனில் போட்ட மஞ்சள் போக, மாடியில் ஏதோ பல்பு எரிந்திருக்கும் என்று ஒரு எண்ணம் ஓடியிருக்கலாம். அதுகூட ஓடியதா என்று பிறகு அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கட்டை விரல், நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் பழகிய கோட்டுக்குப் போய் மஞ்சளை இடதுபக்கம் தள்ளியது. கொஞ்சம் சிவப்பு ஏற்றியது. கண்ணுக்குக் கீழிருந்த கருப்பைத் துடைத்தது. இரண்டு நிறுத்தத்துக்குள் வேலை முடிந்தது. அம்மாவுக்கு அனுப்பினாள். தம்பிக்கும் அனுப்பி, இதை வைத்துக்கொள் என்று எழுதினாள்.

சாயங்காலம் அம்மா வாசலிலேயே நின்றாள். அம்மாவின் போனில் மஞ்சள் வெளிச்சம் எதுவும் கிடையாது.

"இதுல செக்கச்செவேல்னு இருக்கான்டி."

"நான்தான் சொன்னேனே, என் போன்லதான் கோளாறுன்னு."

இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்தது. எதிர்வீட்டுக்காரி வரைக்கும் அம்மா அதைக் காட்டிவிட்டு வந்தாள். அப்புறம் ஒரு யோசனை வந்தது. அதைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைக்க வேண்டும்.

பெரிதாக அடிக்கப் போனில் வெட்டிய படம் போதாது. அதனால் ஸ்டுடியோவில், மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், தம்பி அனுப்பிய மூலப் படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் திறந்தாள்.

பெரிய திரையில் மூன்று பேரும் நின்றார்கள். வலது பக்கம் இருந்தவன் நெட்டை. தம்பி அப்படித்தான் சொல்வான், வேறு பெயர் சொன்னதில்லை. நெட்டை வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நல்லதாகப் போயிற்று என்று அவள் அந்தச் சட்டையின் மேல் மவுஸை வைத்துத் தட்டினாள்.

படம் அசையவில்லை.

மறுபடி தட்டினாள். காலரில் தட்டினாள், சட்டைப்பையின் மேல் தட்டினாள். சட்டை முன்னமே வெள்ளையாகத்தான் இருந்தது. அதில் திருத்த எதுவும் இல்லை. பின்னால் தண்ணீர்த் தொட்டியின் சுண்ணாம்பும் வெள்ளையாக இருந்தது. பகல் வெளிச்சம், மேகம் மூடிய பகல். படம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. நெட்டை நெட்டையின் நிறத்தில் இருந்தான். இடது பக்கத்து ஆள் தன் நிறத்தில் இருந்தான். நடுவில் தம்பி மட்டும் மஞ்சளாக இருந்தான்.

படத்தைப் பெரிதாக்கி அவன் கண்ணுக்குப் போனாள். விழியின் வெள்ளை எலுமிச்சைத் தோல் போல இருந்தது.

சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். எழுந்து போய் முகம் கழுவினாள். ஜன்னலின் கறுப்புத் துணியை ஓரத்தில் விலக்கி, சந்துக்கு அந்தப் பக்கத்துச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் ஏமாற்றுகிறதா என்று பார்க்கக் கண்ணைத் தவிர அவளிடம் வேறு எதுவும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் டீ டம்ளருடன் உள்ளே வந்தார். அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"யாரு இது, நடுவுல? மஞ்சள எடுத்துடுங்க டச்சிங் அக்கா. நோயாளி மாதிரி இருக்காரு."

டீயைக் குடித்துக்கொண்டே போய்விட்டார்.

தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. பூட்டிய அலமாரிக்குள் அடித்திருக்கும். தெரிந்தும் மறுபடி கூப்பிட்டாள். அன்றைக்கு முடிக்க வேண்டிய ஆல்பம் ஒன்று பாதியில் இருந்தது. அதைத் திறந்தாள், ஒரு முகத்தில் பருவை எடுத்தாள், எடுத்த இடத்திலேயே மறுபடி எடுத்தாள். வாசலுக்கு வந்தாள், உள்ளே போனாள். வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னபோது அவர் எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருந்தார். உன் கண்ணுக்கு ஊரே மஞ்சளாக இருக்கிறது, பதறாதே என்றார். பிறகு அவரே திரும்பக் கூப்பிட்டு, சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றார். அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா பக்கத்துத் தெருவுக்குத் துணி தேய்க்கக் கொடுக்கப் போயிருந்தாள். அவள் உள் அறையில் உட்கார்ந்து போனின் மஞ்சள் வெளிச்சத்தை நிறுத்தினாள். திரை ஊசி மாதிரி கண்ணில் இறங்கியது. எல்லாம் நீலமாகத் தெரிந்தது. இந்த நீலமும் பொய்தான், கண் சமநிலைக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எதையும் திறக்காமல் வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தாள். வீட்டுக்காரர் வந்து, கையில் கிரீஸ் அழுக்கோடு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

தம்பி எடுத்தான். அறையில் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே?"

"ஒரு வெள்ளைத் தாள் எடுத்து முகத்துப் பக்கத்துல பிடி."

"எதுக்கு?"

"பிடிடா."

போன் எங்கோ வைக்கப்பட்டது. திரையில் கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. பெட்டிகள் நகரும் சத்தம் கேட்டது. நம்ம ரூமில் வெள்ளையாக எதுவும் இல்லையே, எல்லாம் அட்டைப் பெட்டிதானே என்று அவன் யாரிடமோ சொன்னான். அந்த ஆள் ஏதோ சொல்லிச் சிரித்தான். கடைசியில் தம்பி வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் நெட்டையின் சட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"துவைச்சதுதான்க்கா, பயப்படாதே."

அவள் பார்த்தாள். பார்க்கும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அழுகை இல்லை, காய்ந்த கண்ணில் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் வரும். சட்டையும் முகமும் ஒன்றாகக் கலங்கின. துடைத்தாள். மறுபடி கலங்கின. போனை வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"நீங்க பாருங்க. முகத்தப் பாக்காதீங்க. கண்ணுல வெள்ளை இருக்குல்ல, அதப் பாருங்க. அப்புறம் அந்தச் சட்டையப் பாருங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறவர் கண்ணைச் சுருக்கினார். போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். பிறகு, "மாப்ள, ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளா டிக்காஷன் மாதிரிதான் மாமா. தண்ணி குடிக்கறது கம்மி. அதனாலதான்னு நெனச்சேன்."

"இதை ஏன்டா சொல்லல?" என்றாள் அவள்.

அந்தப் பக்கம் சட்டை கீழே இறங்கியது.

"பசங்க சொன்னானுங்கக்கா. கண்ணு மஞ்சளா இருக்கு, போய்க் காட்டுன்னு. எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா நீ தினமும் பாக்கறியே. ஒரு சின்னப் பருவக்கூட விடமாட்டே. ஏதாவது இருந்தா நீ சொல்லியிருப்பியேன்னு நெனச்சேன்."

அவள் போனை வீட்டுக்காரர் கையிலிருந்து திரும்ப வாங்கினாள்.

"அன்னைக்கு அம்மா கேட்டப்பவும் போன்தான்னு சொன்னே. அப்புறம் அந்தப் போட்டோ அனுப்புனே பாரு. அதக் காட்டித்தான் அவனுங்க வாய அடைச்சேன். எங்க அக்காவுக்குத் தெரியாத கலராடா உங்களுக்குத் தெரியப்போகுதுன்னு."

கதவருகே நிழல் விழுந்தது. அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கேட்கக்கூடாதது எதுவும் மிச்சமில்லாமல் கேட்டிருந்தாள்.

அன்றைக்கே நெட்டை தம்பியைக் கூட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றும் ஈரல் வீங்கியிருக்கிறது என்றும் நெட்டைதான் போனில் சொன்னான். கெட்ட தண்ணீரால் வந்தது. அந்தக் கட்டடத்தின் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்று டாக்டர் திட்டினார் என்பதையும் நெட்டை மறைக்காமல் சொன்னான். இப்போதும் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டோம், ரத்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

விடிந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். வீட்டுக்காரர் முன்னால் ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்துகொண்டார். அம்மா ஜன்னலோரம். வெயில் ஏற ஏறக் காற்று சூடாக அடித்தது. அவளுக்குக் கண்ணைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. மூடினால் மஞ்சள் தெரிந்தது. காலை மாற்றி மாற்றி வைத்தாள். பையைத் திறந்து சொட்டு மருந்து இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தாள்.

அம்மா தன் போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு ஊரில் பஸ் நின்றபோது கேட்டாள்.

"இதுல நல்லாத்தானே இருக்கான். உன் போன்லதான் கோளாறுன்னு நீதானே சொன்னே. அப்ப இது எப்படி?"

"நான்தாம்மா எடுத்தேன்."

"படத்தையா?"

"மஞ்சளை."

அம்மாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகு திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை அணைத்து முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பியது. நெடுந்தூரம் போன பிறகு, வேறு எதையோ சொல்வது போல, "தெரிஞ்சா எடுத்தே" என்று மட்டும் சொன்னாள். அது கேள்வியா, சமாதானமா என்று அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர மத்தியானமாகிவிட்டது. நெட்டை வாசலில் நின்றிருந்தான். படத்தில் பார்த்ததைவிட நெட்டையாக இருந்தான். காலையில் பார்த்த ரத்தத்தில் மஞ்சளின் அளவு இறங்க ஆரம்பித்திருக்கிறது, டாக்டர் முகம் பரவாயில்லை என்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கூச்சத்தில் நெளிந்தபடி மாடிக்கு வழி காட்டினான்.

தம்பியின் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. உள்ளே விளக்கு எதுவும் எரியவில்லை. உச்சிப் பொழுதின் வெளிச்சம், எந்தப் பக்கமும் சாயாமல், சுவரிலும் விரிப்பிலும் விழுந்திருந்தது. அவன் கையில் ஊசி குத்தி, மேலே பாட்டில் தொங்கியது. கன்ன எலும்பு தெரிந்தது. போனில் கன்ன எலும்பு தெரிந்திருக்கவில்லை. அம்மா போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவ ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நெட்டையோடு கீழே இறங்கினார்.

அவள் கால்மாட்டில் நின்றாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, அங்கயே நின்னுட்டே?"

கிட்டே போனாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவன் கீழ் இமையை விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். நடுவில் போன் இல்லை, திரை இல்லை. கண் கரித்தது. இமைத்தாள். மறுபடி இமைத்தாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது அப்படியே இருந்தது. தலைக்குக் கீழே இருந்த தலையணை உறை வெள்ளையாக இருந்தது.

"சொல்லு, எப்படி இருக்கேன்?"

அம்மாவின் கை அவன் நெற்றியில் நின்றது. நல்லா இருக்கே என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"மஞ்சளா இருக்கேடா," என்றாள். "நல்லா மஞ்சளா இருக்கே."

"அப்பாடா," என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.